மண் கலந்த குவியல் எரியாது

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், வவுணதீவுப் பக்கமாக, தாயாரின் பெயரில் உள்ள இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி 1990 இல் நாங்கள் இடம்பெயர்ந்த பின்னர் பற்றை பிடித்துக் கிடந்தது. சென்ற வருடம் தைப்பொங்கல் கழிந்த கையோடு ஜேசிபி பிடித்து, ஒன்றரை நாளில் அதை வெளியாக்கினோம். வெட்டியதை இல்லாமற் செய்வதற்கோ புரட்டாதி வரை சென்றது. அதற்குக் காரணம் நான் விட்ட ஒரு பிழை.

இயந்திரக்காரர் மரம், வேர், நாயுண்ணி, ஈச்சம்பற்றை எல்லாவற்றையும் வாளியால் தள்ளி ஐந்து குவியல்களாக்கினார். பார்க்கத் துப்புரவாக இருந்ததால் நானும் பேசாமல் நின்றேன். உண்மையில் காணியின் நல்ல மேல்மண்ணில் ஒரு பகுதி அந்தக் குவியல்களுக்குள் போய்விட்டிருந்தது.

சித்திரைக் கடைசியில், கிராம உத்தியோகத்தரிடமும் அயலவரிடமும் சொல்லிவிட்டு, முதற் குவியலுக்கு நெருப்பு வைத்தேன். மாவட்டம் 2017 இல் கண்ணிவெடியற்றதாக அறிவிக்கப்பட்டிருந்தாலும், பழைய துப்பாக்கி ரவை ஏதேனும் கிடந்துவிடுமோ என்ற பயத்தில் தூரத்திலேயே நின்றேன். வெளியில் காய்ந்திருந்த நாயுண்ணி படபடவென்று பத்து நிமிடம் எரிந்தது. அதன் பிறகு சுவாலை அடங்கி, வெண்புகை மட்டும் பதினொரு நாட்கள் கிளம்பிக்கொண்டிருந்தது. இடையில் அடைந்திருந்த மண் காற்றை உள்ளே விடவில்லை. பச்சை அடிமரங்களும் ஈரத்தைக் கக்கிக்கொண்டே இருந்தன. ஏழாம் நாள், குவியலுக்கு ஐந்தாறு முழம் தள்ளி நடந்தபோது செருப்பினூடாகச் சூடு தெரிந்தது. அலவாங்கால் குத்திப் பார்த்தால், வேர் எரிந்து குழாய்போல் ஆகிவிட்ட பொந்துக்குள் தணல் சிவந்து கிடந்தது. உழவு இயந்திரத்தில் இரண்டு பீப்பாய் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டியதாயிற்று. பக்கத்துக் காணிப் பெரியம்மா வேலியருகே வந்து, "பிள்ளைக்கு இழுப்பு மனே, கச்சானும் எழும்பினா ஊரையே கொளுத்திப்போடுவாய்" என்றார். அவர் சொன்னது நியாயமே. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வீசும் அந்த வறண்ட காற்றில் நெருப்பு வைப்பது மடைமை.

ஆகவே அந்த மாதங்களை மீதி நான்கு குவியல்களைப் பிரிப்பதற்குப் பயன்படுத்தினேன். இரண்டு கூலியாட்களுடன் கொக்கத்தடியால் கொப்புகளை இழுத்து, மண்ணை உதறி, அடிமரம், விறகு, முட்கொப்பு என்று வேறாக்கினோம். மூன்றாம் குவியலில் ஒரு புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. அன்று முதல் தடியால் தட்டிப் பார்க்காமல் எவரும் கை வைக்கவில்லை. எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலமான 2022 இல் விறகடுப்புக்குத் திரும்பிய வீடுகளில் சில இன்னமும் அதை விடவில்லை. அவர்களும் ஒரு செங்கல் சூளைக்காரரும் ஆறு உழவு இயந்திரப் பெட்டி விறகை ஏற்றிச் சென்றதில் கூலியில் பாதி தேறியது. இரண்டு முதிரைக் குற்றிகளை, அனுமதிப்பத்திரமின்றி வீதியில் ஏற்ற முடியாது என்பதால், காணிக்குள்ளேயே வேலிக் கட்டைகளாக்கினேன். (காணியில் நின்ற பெண் பனையை முன்பே வெட்டாமல் விட்டிருந்தேன், பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றைத் தறிக்க 1951 ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும்.) இலந்தை, காரை முட்களை அலம்பலாக வேலியில் அடைத்தோம். மாட்டுக்கு அது போதும்; யானைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

மிஞ்சிய சிறு கொப்புகளைப் புரட்டாதியில், முதல் மழை விழுந்து சுற்றுப்புற்கள் நனைந்த பின்னர், வெறுந்தரையில் எரித்தோம். இம்முறை பெரிதாகக் குவிக்காமல், இடுப்பளவு நெருப்பு ஒன்றை மூட்டி, காய்ந்த கொப்புகளைக் கையால் ஊட்டிக்கொண்டிருந்தோம். காலை ஆறு மணிக்குத் தொடங்கி, காற்று எழும் முன் பத்து மணிக்கு நிறுத்துவோம். புகை பெரிதாக இருக்கவில்லை. நான்கு காலைகளில் வேலை முடிந்தது. இரண்டு நாள் ஆறவிட்டுச் சாம்பலைத் தென்னங்குழிகளுக்குத் தூவினேன்.

முதற் குவியல் எரிந்த இடத்தில் மட்டும் மண் செங்கல் நிறமாகச் சுட்டுப்போயிருக்கிறது. மாரி மழையோடு காணி முழுவதும் மரவள்ளித் தடி ஊன்றினேன். மற்ற இடங்களில் இடுப்புக்கு வந்துவிட்ட செடி அங்கு இன்னும் முழங்காலைத் தாண்டவில்லை.