மூன்று கோப்பை வென்ற அணிக்கு அடுத்த பருவம் இல்லை

2018ஆம் ஆண்டுக் கோடையில் வேலை நிமித்தமாக இங்கிலாந்தின் வடமேற்கில், கம்ப்ரியாவின் கடலோரத்தில் தங்கியிருந்தேன். பக்கத்திலிருந்த வொர்க்கிங்டன், ஒரு காலத்தில் ரயில் தண்டவாளம் செய்து உலகெங்கும் அனுப்பிய ஊர். அந்த ஆலையும் 2006இல் தண்டவாளம் செய்வதை நிறுத்திவிட்டது. ஒரு சனிக்கிழமை மாலை டெர்வென்ட் பார்க் மைதானத்திலிருந்து எழுந்த இரைச்சலைக் கேட்டு, என்னவென்று தெரியாமலேயே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். ரக்பி லீக் ஆடும் திடலைச் சுற்றிப் போடப்பட்டிருந்த ஒரு மண் பாதையில் நான்கு மோட்டார் சைக்கிள்கள் பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வளைவைக் கடந்துகொண்டிருந்தன. அந்த ஆண்டு அக்டோபர் வரை என் சனிக்கிழமைகள் பெரும்பாலும் அங்கேயே கழிந்தன.

ஸ்பீட்வே என்பது இந்தப் பந்தயத்தின் பெயர். ஸ்பீட்வே வண்டி 500 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின் கொண்டது, மெத்தனாலில் ஓடுவது, ஒரே கியர், பிரேக் கிடையாது. தொடக்கக் கோட்டில் குறுக்கே கட்டிய நாடாக்கள் மேலே எழும்பியதும் நான்கு பேர் கிளம்பி, இடப்பக்கமாகவே நான்கு சுற்று சுற்றி, ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். வண்டி இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதற்காக முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்து, இரும்பு அடிப்பகுதி வைத்த இடக்கால் பூட்ஸை மண்ணில் உரசியபடி, பின்சக்கரத்தை வழுக்கவிட்டே அவர்கள் வளைவைக் கடக்கிறார்கள் என்பது எனக்குப் புரிய மூன்று வாரம் ஆயிற்று. முதல் வளைவுக்கு அருகே நின்றால் சிவந்த கற்பொடி முகத்தில் வந்து அறையும். அதை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் அந்த இடத்தில் நிற்பதில்லை.

ஓட்டத்தைவிட என்னை அதிகம் பிடித்துவைத்தது கணக்குதான். முதலில் வருபவருக்கு மூன்று, அடுத்தவருக்கு இரண்டு, மூன்றாமவருக்கு ஒன்று, கடைசியில் வருபவருக்கு ஒன்றுமில்லை. ஓர் அணிக்கு ஏழு பேர். ஒவ்வோர் ஓட்டத்திலும் அணிக்கு இருவர். மொத்தம் 15 ஓட்டங்கள், 90 புள்ளிகள். ஆகவே 46 எடுத்த அணி வென்றுவிடும். உள்ளூர் அணி சிவப்பு, நீல ஹெல்மெட் உறைகளும் விருந்தாளி அணி வெள்ளை, மஞ்சள் உறைகளும் அணிந்து வரும். வாசலில் விற்கும் நிகழ்ச்சி அட்டையில் இதையெல்லாம் எழுதுவதற்குக் கட்டங்கள் உண்டு. ஆறு வயதுக் குழந்தையும் எண்பது வயதுக் கிழவரும் பேனாவும் கையுமாக நின்று, ஓட்டம் முடிந்த நொடியில் குனிந்து எழுதுவதைப் பார்க்கத் தேர்வு மண்டபம் போல இருக்கும். கடைசி ஓட்டத்துக்கு மட்டும் யாரை இறக்குவது என்பதை மேலாளர்களே முடிவு செய்வார்கள் என்பதால், பதினைந்தாவது கட்டத்தை எல்லோரும் காலியாக வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

உள்ளூர் அணியான வொர்க்கிங்டன் காமெட்ஸ் ஆடியது பிரிட்டனின் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப் லீக். 1968இல் பிரிட்டிஷ் லீகின் இரண்டாம் பிரிவாகத் தொடங்கி, பெயரும் வடிவமும் பலமுறை மாறி, 2017இல் இந்தப் பெயருக்கு வந்து சேர்ந்தது அது. காமெட்ஸும் 1970இல் அந்த இரண்டாம் பிரிவில்தான் பிறந்தது. 1981இல் மூடப்பட்டு, 1999இல் மீண்டும் திறக்கப்பட்டது. இந்த அடுக்கின் குணத்தை இரண்டு ஏற்பாடுகள் தீர்மானிக்கின்றன. முதலாவது, சராசரி. ஒவ்வொரு வீரரும் நான்கு ஓட்டங்களுக்கு எத்தனை புள்ளி எடுப்பார் என்பதே அவருடைய சராசரி. தன் அணித் தோழரை அடுத்து வந்து முடித்தால் கிடைக்கும் போனஸ் புள்ளியும் அதில் சேரும். அடுத்த ஆண்டுக்கு அணி கட்டும்போது ஏழு பேரின் சராசரியைக் கூட்டினால் குறித்த வரம்பைத் தாண்டக் கூடாது. எல்லோரும் நன்றாக ஓடிய ஓர் அணியில் எல்லோருடைய சராசரியும் ஏறியிருக்கும். எனவே வென்ற அணியை அப்படியே வைத்துக்கொள்ள விதியே இடம் தராது. பணக்கார கிளப் நல்லவர்களையெல்லாம் வாரிக்கொண்டு போகாமல் தடுக்க வந்த ஏற்பாடு என்றாலும், கோப்பையைத் தூக்கும் இரவிலேயே அந்த அணி கலையத் தொடங்கிவிடுகிறது என்பது எனக்குக் கொஞ்சம் கொடுமையாகவே பட்டது.

இரண்டாவது, ஒரே வீரர் இரண்டு அடுக்கிலும் ஓடலாம் என்பது. கம்ப்ரியாவிலேயே வளர்ந்த டான் ப்யூலி அந்த ஆண்டு காமெட்ஸுக்கும், மேலடுக்கில் மான்செஸ்டரின் பெல் வியூவுக்கும் ஓடிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வயதுப் பையன். பின்னால் புறப்பட்டாலும் வெளிப்பக்கமாகச் சுற்றி வந்து மற்றவர்களைக் கடந்துவிடுவார். பருவத்தின் நடுவில் பெல் வியூவுக்காக ஓடியபோது விழுந்து, எலும்புகள் முறிந்து, அந்த ஆண்டின் மிச்சம் முழுவதையும் இழந்தார். மேலடுக்கு ஆட்டத்தில் விழுந்தவரின் இடம் கீழடுக்கிலும் காலியாகிறது. அதை நிரப்ப, சராசரி ஒத்துவரும் வேறு அணி வீரர் ஒருவரை ஒரு நாளைக்கு இரவல் வாங்கலாம், அல்லது அவருடைய ஓட்டங்களை மற்றவர்கள் பங்கிட்டுக்கொள்ளலாம். நேற்று எதிரணியில் வந்தவர் இன்று நம் சட்டையில் நிற்பதைப் பார்த்துப் புதியவன் குழம்பிப்போவான், நான் குழம்பினேன்.

ப்யூலி இல்லாமலும் அந்த அணி நின்றது. டென்மார்க்கின் ராஸ்மஸ் யென்சன், ஆஸ்திரேலியாவின் டை பிராக்டர் போன்றவர்கள் மேலே தாங்க, கீழ்வரிசையில் இருந்தவர்கள் ஒன்றும் இரண்டுமாகச் சேர்த்தார்கள். இரண்டாம் அடுக்கில் ஆட்டத்தைத் திருப்புவது பெரும்பாலும் ஆறாம், ஏழாம் எண் அணியும் ரிசர்வ் வீரர்கள்தான் என்று நான் இன்றும் சொல்வேன். முதல் எண் வீரர்கள் ஒருவரையொருவர் சமன் செய்துவிடுவார்கள்; இரண்டாவது ஓட்டத்தில் இரு அணி ரிசர்வ்களும் மோதும்போது, முதல் இரண்டு இடமும் ஒரே அணிக்குப் போய்க் கிடைக்கும் ஒரு 5–1 முழு மாலையையும் சாய்த்துவிடும்.

அக்டோபரில் பிளே-ஆஃப் இறுதியில் எதிரே வந்தது லேக்சைட் ஹாமர்ஸ். எசெக்ஸில் இருந்த தங்கள் தளத்தை அந்தப் பருவம் முடியும் முன்பே இழந்து, ரை ஹவுஸ் தளத்தில் ஒண்டுக்குடித்தனம் செய்துகொண்டிருந்த அணி அது. ரை ஹவுஸின் சொந்த அணியோ அதே கோடையில் மேலடுக்கில் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. வீடிழந்தவன், ஆள் போன வீட்டில் குடியிருந்தபடி இறுதி வரை வந்தது போல. காமெட்ஸ் வென்றது. லீகுடன் நாக்-அவுட் கோப்பையும் சாம்பியன்ஷிப் ஷீல்டும் சேர்ந்து ஒரே பருவத்தில் மூன்று.

அடுத்த ஆண்டு ஓடப்போவதில்லை என்று கிளப் அறிவித்தபோது நான் ஊர் மாறியிருந்தேன். வீரர்களுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று சம்பளம் என்பதால், அணி நன்றாக ஓட ஓடச் செலவும் ஏறும். மழை பெய்து ஓர் ஆட்டம் நின்றால் அந்த மாலையின் வரவு போயிற்று. மருத்துவரும் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஓர் ஓட்டத்தைக்கூடத் தொடங்க முடியாது. இந்த அடுக்கில் எந்தக் கிளப்புக்கும் இதுதான் நிலை. லேக்சைடும் திரும்பவில்லை. 2018 இறுதி ஆட்டத்தில் மோதிய இரண்டு அணிகளுமே 2019இல் இல்லை; மேலடுக்கிலிருந்து இறங்கி வந்த லெஸ்டர் அந்த லீக் கோப்பையை எடுத்துக்கொண்டது. ப்யூலி குணமாகி, 2022இல் கார்டிஃபில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரியை வென்றார்.

காமெட்ஸின் மற்றவர்கள் வெவ்வேறு அணிகளுக்குப் போனார்கள். 2019 பருவம் தொடங்கும்போது வெளியான சராசரிப் பட்டியலில் அவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் குறித்தேன். டெர்வென்ட் பார்க்கில் எடுத்த புள்ளிகள் இப்போது வேறு யாருடைய வரம்பிலோ கூட்டப்பட்டிருந்தன.