வட்டமாக வந்திருக்க வேண்டிய துளை

ஒரு மில்லிமீட்டர் தடிமன் கொண்ட தகட்டுப் பெட்டியின் மூடியில், மின்கம்பி நுழைவதற்கு 12 மி.மீ. அளவில் ஒரு துளை வேண்டும். நேற்றைய வேலை அவ்வளவுதான். "நான் பிடித்துக்கொள்கிறேன் அத்தான், நீங்கள் அழுத்துங்கள்" என்று மைத்துனன் முன்வந்தபோதே நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. தடித்த கையுறைகளை மாட்டிக்கொண்டு, போருக்குப் புறப்படுகிறவனைப் போல டிரில்லை முழு வேகத்தில் இயக்கினேன்.

தகடு துளைபடும் அந்தக் கடைசி நொடியில், டிரில்லில் மாட்டியிருந்த துளையிடும் பிட் அதைக் கவ்வியது. மூடி மைத்துனனின் கையை விட்டு மின்விசிறியாகச் சுழல, அவன் கட்டிலின் மேல் நின்றான். எப்போது ஏறினான் என்பது அவனுக்கே தெரியாது. எந்த வேலையையும் இறுகப் பிடிக்காத அவனுடைய சுபாவத்தை இத்தனை ஆண்டுகளாகக் குறை சொல்லி வந்திருக்கிறேன். நேற்று அவனுக்குப் பத்து விரல்களும் மிஞ்சியது அதனால்தான். துளையோ மூன்று மூலைகளோடு, ஓரமெல்லாம் கிழிந்து, என்னைப் பார்த்துச் சிரித்தது.

அப்பா அப்போதுதான் செய்தித்தாளை மடித்தார். 12 மி.மீ. பிட்டின் கூம்பு நுனி மட்டுமே ஏறக்குறைய மூன்றரை மில்லிமீட்டர் நீளம் என்றும், தகடு ஒரு மில்லிமீட்டராக இருந்தால் பிட்டின் முழு அகலமும் உள்ளே இறங்குவதற்கு முன்பே நுனி மறுபக்கம் போய்விடும் என்றும், அதன்பின் பிட்டை நடுவில் நிறுத்த எதுவும் இல்லாததால் அது தள்ளாடித் தகட்டைத் திருகாணி போல மேலே இழுக்கும் என்றும் விளக்கினார். இவ்வளவும் தெரிந்தவர் அரை மணி நேரம் ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். "நீ கேட்டாயா?" என்றார்.

முதலில் என் கையுறைகளைக் கழற்றச் சொன்னார். சுழலும் பிட்டில் ஒரு நூல் சிக்கினாலும் விரலையும் சேர்த்துச் சுருட்டிவிடுமாம். பிறகு இடைவெளி விட்டு வைத்த இரண்டு பலகைகளின் மேல் மூடியைக் கிளாம்ப் போட்டு இறுக்கி, சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியால் ஒரு குழி தட்டி, 4 மி.மீ. துளை ஒன்றை முதலில் போடவைத்தார். அதன்பின் தன் பழைய பெட்டியிலிருந்து படிப்படியாக அகலும் ஸ்டெப் பிட்டை எடுத்துத் தந்து, ஒரு சொட்டு எண்ணெயும் விட்டார். "மெதுவாக விடு. 12 வந்ததும் நிறுத்து. அடுத்த படிக்குள் இறங்கினால் 14 ஆகிவிடும்."

வீட்டில் இருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றே ஒன்று. அதைச் சட்டை நுனியால் துடைத்து என் முகத்தில் மாட்டிவிட்டு, மைத்துனனையும் இழுத்துக்கொண்டு அறைக்கு வெளியே போய்விட்டார். டிரில் ஓசை அடங்கிய பிறகுதான் கதவு திறந்தது. துளை வட்டமாகவே வந்திருந்தது. பாராட்டை எதிர்பார்த்து நிமிர்ந்தேன். அப்பா அரத்தை என் கையில் வைத்தார்.

"பிசிறை எடு. உள்பக்கமும்."