தூசியும் ஈரமும் சூழ்ந்த இடத்தில் ஓடும் நேர்கோட்டு அச்சு: இதுவரை செய்து பார்த்தவை

கல்தூளும் நீர்த்தூவலும் வெயிலும் ஒருசேரத் தாக்கும் திறந்தவெளியில் ஓட வேண்டிய, 1 மீட்டர் நீளமுள்ள நேர்கோட்டு அச்சு ஒன்றைச் செய்துவருகிறேன்; அதாவது, மோட்டாரின் உதவியால் ஒரு பாகத்தை ரெயில் மேல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பு. தூசியை முற்றிலும் தடுத்துவிட முடியாது என்பதால், அது புகுந்த பிறகும் ஓடக்கூடிய பாகங்களைத் தேர்ந்தெடுப்பதே இதில் முதல் வேலை என்று கருதுகிறேன்.

முதலில் பூட்டியது, எஃகு ரெயிலில் சிறு குண்டுகளின் மேல் ஓடும் பால் பேரிங் கேரேஜ் (ரெயில் மேல் நகரும் பாகம்). குண்டுகள் தடத்தைத் தொடும் பரப்பு மிகச் சிறியது. கடினமான துகள் இடையில் சிக்கினால் தடத்தில் தழும்பு விழும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் கழற்றி, ரெயிலைத் துடைத்துச் செல்லும் வைப்பரின் ஓரத்தில் சேர்ந்திருந்த கிரீஸை விரல்களுக்கிடையே தேய்த்தபோது, அது சாணைக் களிம்பு போல நறநறத்தது. ஆகவே ஹார்ட் அனோடைஸ் செய்த (மேற்பரப்பில் கடினமான ஆக்சைடு படலம் ஏற்றிய) அலுமினிய ரெயிலுக்கும், கிரீஸ் தேவைப்படாத பிளாஸ்டிக் சறுக்கு பேரிங்குக்கும் மாறினேன். இதில் உராய்வு கூடுதல், துல்லியம் சற்றுக் குறைவு. ஆனால் எண்ணெய்ப் பசை இல்லாததால் தூள் ஒட்டித் தங்குவதில்லை.

சறுக்கு பேரிங்குக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. தள்ளும் விசை ரெயிலிலிருந்து பக்கவாட்டில் விலகியிருக்கும் தூரம், ஒரே ரெயிலிலுள்ள இரு பேரிங்குகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் போல 2 மடங்கைத் தாண்டக் கூடாது. தாண்டினால், எத்தனை வலுவான மோட்டார் ஆனாலும் கேரேஜ் இறுகி நின்றுவிடும். அதனால் கேரேஜைத் தள்ளும் லீட் ஸ்க்ரூவை (மோட்டார் சுழற்றும் நீண்ட திருகை) ரெயிலுக்கு நெருக்கமாக நகர்த்தி, பேரிங்குகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன்.

அடுத்தது வெப்பம். வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் 1 மீட்டர் அலுமினியம் சுமார் 0.9 மில்லிமீட்டரும், எஃகு அதில் ஏறத்தாழ பாதியும் நீளும். எனவே எஃகு ஸ்க்ரூவின் மோட்டார் பக்க முனையை மட்டும் இறுக்கிவிட்டு, மறுமுனையை பேரிங்கினுள் நீளவாக்கில் நகரும்படி விட்டிருக்கிறேன்.

மோட்டார் பெட்டி ஐபி65 தரத்தது; அதாவது தூசி புகாது, குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் நீரையும் தாங்கும். ஆயினும் சூடேறிய பெட்டியின் மேல் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலின் ஓரத்தில் நிற்கும் நீரை உள்ளே இழுக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வென்ட் ஒன்றை அடிப்பக்கத்தில் பொருத்திய பின் உள்ளே ஈரம் காணவில்லை. கேபிளையும், அது பெட்டிக்குள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டுக்குக் கீழே வளைத்துத் தொங்கவிட்டதால், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடுகிறது.

இப்போது மீதமிருப்பது ஸ்க்ரூவை மூடும் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பாக விரிந்து சுருங்கும் உறை). விரியும்போதெல்லாம் அதுவும் வெளிக்காற்றைத் தூளோடு உறிஞ்சுகிறது. அதன் முனையில் வடிகட்டித் துளை வைத்துப் பார்க்கவிருக்கிறேன்.