தாடை முடிக்கு முதல் லேசர்: தயாராகும் நாட்களின் குறிப்புகள்

ஜனவரி 4

முடிவெடுத்துவிட்டேன். தாடையிலும் அதற்குக் கீழே கழுத்திலும் வளரும் முடிக்கு லேசர் செய்துகொள்ளப் போகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து த்ரெட்டிங், அது போதாத நாட்களில் பிளக்கர். வெளிச்சமான இடத்தில் யாராவது எதிரே வந்து உட்கார்ந்தால் கை தானாகத் தாடைக்குப் போய்விடுகிறது. பிடுங்கிப் பிடுங்கி அந்த இடமே புள்ளி புள்ளியாகக் கறுத்துவிட்டது, போதாததற்குச் சில முடிகள் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்து சின்னக் கட்டியாகி வலிக்கின்றன. எனக்குத் தெரிந்த எத்தனையோ பெண்களுக்கு இது இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அதனால்தான் ஆரம்பத்திலிருந்தே எழுதுகிறேன்.

ஜனவரி 7

லேசர் செய்யும் ஓர் இடத்துக்குப் போய் விசாரித்தேன். உட்கார்ந்ததுமே பேக்கேஜ் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வெயிலில் அலைகிற வேலையா, எதையும் கேட்கவில்லை. "முடி மொத்தமும் போயிடும் மேடம், திரும்ப வரவே வராது" என்றார் அந்தப் பெண். எந்த வகை லேசர் என்று கேட்டதற்கு, லேட்டஸ்ட் மெஷின் என்பதுதான் பதில். எழுந்து வந்துவிட்டேன். என் முகத்தில் சூடு வைக்கப்போகிற கருவியின் பெயர்கூடச் சொல்லத் தெரியாத இடத்தில் நான் எப்படிப் போய்ப் படுப்பது?

ஜனவரி 12

தோல் டாக்டரைப் பார்த்தேன். வெளியே வரும்போது மனசு லேசாக இருந்தது.

முதலில் என் முன்கையின் உள்பக்கத்தையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார். வெயிலில் நின்றால் எரிந்து சிவக்குமா, கறுக்குமா என்று கேட்டார். கறுக்கும், மாதக்கணக்கில் போகாது என்றேன். ஃபிட்ஸ்பேட்ரிக் அளவில் 5-ஆம் வகை என்று எழுதிக்கொண்டார். தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற தோல் மருத்துவர் 1975-ல் தொடங்கிவைத்த வகைப்பாடு அது, இப்போது 1 முதல் 6 வரை இருக்கிறது. எண் கூடக் கூடத் தோலில் மெலனின் என்ற கருநிறமி அதிகம். லேசரைப் பொறுத்தவரை எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது, ஏனென்றால் லேசர் தேடிப்போவதும் மெலனினைத்தான். முடியில் இருப்பது எது, தோலில் இருப்பது எது என்று ஒளிக்குத் தெரியாது.

அதனால் எனக்கு 1064 நானோமீட்டர் அலைநீளமுள்ள என்டி-யாக் லேசர் சரியாக வரும் என்றார். 755-ல் வேலை செய்யும் அலெக்ஸாண்ட்ரைட் என்ற இன்னொரு லேசரின் ஒளியை மெலனின் நிறைய உறிஞ்சும், வெளுத்த தோலுக்கு நல்லது, என் நிறத்துக்கு மேல்தோல் வெந்துபோகும் ஆபத்து கூடுதல். 1064-ஐ மெலனின் குறைவாக உறிஞ்சுகிறது, ஒளியும் ஆழமாக இறங்குகிறது. ஆனால் வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கும், மெல்லிய முடியில் பலனும் குறையும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். நரைத்த முடிக்கு எந்த லேசரும் உதவாது, அதில் நிறமியே இல்லையே. எனக்கு அங்கங்கே வெள்ளை முடி இருக்கிறது, அதற்கு எலக்ட்ராலிசிஸ்தான் வழியாம், அதாவது ஒவ்வொரு முடியின் வேரிலும் மெல்லிய ஊசி நுழைத்து மின்சாரத்தால் அழிப்பது.

"நிரந்தரமாகப் போய்விடுமா டாக்டர்?" என்றேன். "நிரந்தரமா குறையும்னு சொல்லலாம்மா, ஒண்ணுகூட வராதுன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவரிடம் செய்துகொள்ளலாம் என்று தோன்றியது.

அப்புறம் முக்கியமான கட்டளை: இன்றிலிருந்து த்ரெட்டிங், வேக்ஸிங், பிளக்கர் எதுவும் கூடாது. குறைந்தது 4 வாரம். ஷேவ் செய்துகொள்ளலாம்.

ஜனவரி 13

ஏன் பிடுங்கக் கூடாது என்று நேற்று இரவு உட்கார்ந்து படித்தேன். 1983-ல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் சொன்ன தத்துவம் இது. சுற்றியுள்ள திசுவைவிட இலக்கு அதிகமாக உறிஞ்சும் நிறத்தில் ஒளியைத் தேர்ந்தெடுத்து, உறிஞ்சிய சூடு வெளியே பரவுவதற்குள் நின்றுவிடுகிற மாதிரிக் குறுகிய துடிப்பாகக் கொடுத்தால், இலக்கு மட்டும் சூடாகும். முடிக்குச் செய்யும்போது முடித்தண்டிலும் வேரிலும் உள்ள மெலனின் ஒளியை வாங்குகிறது, அங்கிருந்து சூடு பக்கத்தில் முடியை மறுபடி உருவாக்கும் செல்களுக்குப் பரவி அவற்றைச் சிதைக்கிறது. வேரோடு பிடுங்கிவிட்டால் ஒளியை வாங்க உள்ளே ஒன்றுமே இல்லை. ஷேவ் செய்தால் வெளியே இருப்பது மட்டும் போகும், வேர் அப்படியே இருக்கும்.

வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடிதான் நன்றாக அடிபடும், ஓய்வில் இருப்பது தப்பிவிடும். எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. அதனால்தான் முகத்துக்கு 4 முதல் 6 வாரம் இடைவெளி விட்டுப் பல தடவை செய்கிறார்கள்.

ஜனவரி 19

ரத்தப் பரிசோதனை கொடுத்தேன்: டெஸ்டோஸ்டிரோன், தைராய்டு, புரோலாக்டின். வயிற்று ஸ்கேனும் எடுத்தாயிற்று. மாதவிடாய் தள்ளிப்போகிற, தாடையில் கருத்த முடி வருகிற பெண்ணுக்கு பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு இருக்கிறதா என்று பார்க்காமல் லேசரை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு இருக்கிறது. இன்று மகளிர் மருத்துவரிடம் போய் அதற்கான மருத்துவமும் தொடங்கியாயிற்று. ஹார்மோன் கட்டுக்குள் வராவிட்டால் லேசர் ஒரு பக்கம் முடியை அழிக்க, உடம்பு மறுபக்கம் பூனைமுடியைத் தடித்த முடியாக மாற்றிக்கொண்டே இருக்கும்.

தோல் டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார், கேட்டதும் கொஞ்சம் பயந்தேன்: சிலருக்கு, குறிப்பாக முகத்திலும் கழுத்திலும், லேசருக்குப் பிறகு முடி கூடுவதும் உண்டு. ஹார்மோன் கோளாறு உள்ள, நிறம் கூடிய பெண்களிடம் இது அதிகம் பார்க்கப்படுகிறது. தெரிந்துகொண்டேதான் ஒப்புக்கொண்டேன். முதலில் போன இடத்தில் இதை யாராவது சொல்லியிருப்பார்களா?

ஜனவரி 27

தயாராவதில் இதுதான் கஷ்டமான பகுதி. தாடையைத் தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடி இது, இப்படியா விட்டு வைப்பே? பார்லருக்குப் போயிட்டு வாயேன்" என்றார். "வேர் இருந்தாத்தாம்மா லேசர் பிடிக்கும்" என்று விளக்கினேன். ஷேவ் பண்ணினால் இன்னும் தடிமனாக வளரும் என்று அவருக்கு ஒரே கவலை. வளராது. ரேஸர் தோலுக்கு மேலே மட்டும்தான் வெட்டுகிறது, இயல்பாக ஊசிபோல் மெலிந்து முடியும் நுனி மழுங்கிப்போவதால் தொட்டால் முரடாகத் தெரிகிறது, அவ்வளவுதான். இன்று காலை முகத்தை ஈரமாக்கி, ஜெல் தடவி, முடி சாய்ந்திருக்கும் திசையிலேயே ரேஸரை இழுத்தேன். கண்ணாடி முன் நின்று தாடையைத் தூக்கி ஷேவ் செய்வது முதலில் அழுகையாக வந்தது. செய்து முடித்ததும் தோல் வழவழவென்று, பிடுங்கும்போது வரும் சிவப்போ எரிச்சலோ இல்லாமல் இருந்தது. இவ்வளவு வருடம் இதையே செய்திருக்கலாமே என்று நினைத்தேன்.

பிப்ரவரி 3

மருந்துகள் விஷயம். பருவுக்குச் சாப்பிட்ட டாக்சிசைக்ளின் வெயிலுக்குத் தோலைக் கூச வைக்கும் என்பதால் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். இரவில் போடும் ட்ரெட்டினாயின் கிரீமை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அமிலம் கலந்த ஃபேஸ்வாஷும் அப்படியே. காய்ச்சல் வந்தால் உதட்டோரம் கொத்தாகக் கொப்புளம் வரும் வழக்கம் எனக்கு உண்டு, ஹெர்பிஸ் என்ற வைரஸ்தான். வாய்க்குப் பக்கத்தில் லேசர் படும்போது அது கிளம்பலாம் என்று முன்கூட்டியே ஆன்டிவைரல் மாத்திரை எழுதியிருக்கிறார். கேட்காவிட்டால் நானாகச் சொல்லியிருக்கவே மாட்டேன், உதட்டுக் கொப்புளத்துக்கும் தாடை முடிக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் யாரும் நினைப்போம்.

சன்ஸ்கிரீன் தினமும். நிறம் கலந்ததாகவே வாங்கினேன். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கிறது, நம்மைப் போன்ற நிறத்துக்கு அந்த ஒளியும் கருமையைக் கூட்டும்.

பிப்ரவரி 10

டெஸ்ட் ஸ்பாட் முடிந்தது, அதாவது முழுவதும் செய்வதற்கு முன் ஓர் இடத்தில் மட்டும் லேசர் வைத்துப் பார்ப்பது. தாடைக்குக் கீழே, வெளியே தெரியாத சின்ன இடம். ஒவ்வொரு துடிப்பும் சூடான ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி, உடனே மேலே குளிர்காற்று. லேசாகக் கருகின வாடை வந்தது. அங்கேயே ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார்: முடி முளைக்கும் ஒவ்வொரு துளையையும் சுற்றி மணல்போல் சின்னச் சின்ன வீக்கம், லேசான சிவப்பு. அப்படித்தான் வர வேண்டுமாம். தோல் சாம்பல் பூத்தாலோ கொப்புளித்தாலோ சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மாலைக்குள் வீக்கம் வடிந்துவிட்டது.

இன்றே முழுவதும் செய்துவிடலாமா என்று ஆசையாகக் கேட்டேன். மறுத்துவிட்டார். என் நிறத்தில் கருமை தட்டுவதானால் சில வாரம் கழித்துக்கூடத் தெரியலாம், பொறு என்றார்.

பிப்ரவரி 22

டெஸ்ட் செய்த இடத்தில் முடி வெளியே நீண்டு வருவதைப் பார்த்துப் பலிக்கவில்லையோ என்று நினைத்தேன். இன்று முகம் கழுவும்போது அவை துண்டோடு வந்துவிட்டன. செத்த முடியைத் தோல் வெளியே தள்ளுகிறது. கருமை இல்லை. டாக்டருக்குப் படம் அனுப்பினேன், மார்ச் 2-க்கு நேரம் கொடுத்துவிட்டார்.

மார்ச் 1, இரவு

ஷேவ் செய்தாயிற்று. நாளை முகத்தில் கிரீம், பவுடர், மேக்கப் எதுவும் கிடையாது.

மரத்துப்போகும் கிரீமை வீட்டிலேயே அப்பிக்கொண்டு போகலாம் என்று தோழி ஒருத்தி சொன்னாள். வேண்டாம் என்று அவளுக்கும் விளக்கிச் சொன்னேன். அதில் இருக்கும் லிடோகெயின் என்ற மரப்பு மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலக்கும். நிறைய இடத்தில் தடவி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி வைத்தால் இன்னும் வேகமாகக் கலக்கும். முடி நீக்கும் லேசருக்காகக் கால் முழுக்க அப்படிச் செய்த இளம்பெண்கள் உயிரிழந்ததால், 2007-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கையே வெளியிட்டது. தேவைப்பட்டால் டாக்டரே அளவாகப் போடட்டும்.

நாளை கேட்க வேண்டியவை நோட்டில் இருக்கின்றன. கண்ணுக்குப் போடும் மறைப்பு 1064-க்கு உரியதுதானா? அந்த ஒளி கண்ணுக்கே தெரியாது, ஆனால் விழித்திரை வரை போகும். வைத்த ஆற்றல் அளவு, துடிப்பின் நீளம் இரண்டையும் என் நோட்டிலும் எழுதித் தருவாரா? அடுத்த தடவை வேறு யார் செய்தாலும் அதைக் காட்டலாம்.

அக்கா கூட வருகிறாள். ஐஸ் பேக்கை ஃப்ரீஸரில் வைத்தாயிற்று, ஆன்டிவைரல் மாத்திரை போட்டாயிற்று, காலை 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.