ரவாங் கொண்டோவில் சாவி வாங்கியதும்: உடைப்பதற்கு முன் தண்ணீர் கட்டிப் பாருங்கள்

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், ரவாங் சுற்றுவட்டாரத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலத்தில் இப்போது கொண்டோக்கள் எனப்படும் அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வருகிறவர்களும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்தவர்களும் ஒரே மாடியில் குடியேறுகிறார்கள். சாவி கைக்கு வந்த வாரமே காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, பிடிக்காத டைலை உடைக்கச் சொல்கிறவர்கள் அதிகம். அந்த அவசரம் வேண்டாம்.

வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குக் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்து தருவது, வீட்டைக் கட்டி விற்ற மேம்பாட்டாளரின் பொறுப்பு. எழுத்து மூலம் புகார் கொடுத்தால் 30 நாளுக்குள் செய்து தர வேண்டும். வீட்டு விலையில் 5 விழுக்காடு வழக்கறிஞரிடம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கும். அதில் பாதி 8 மாதம் கழித்தும், மீதி 24 மாதம் கழித்தும்தான் மேம்பாட்டாளர் கைக்குப் போகும். உங்களுக்கு இருக்கிற பிடி அதுதான். குளியலறைத் தரையை நீங்களே உடைத்துவிட்டால், பிறகு வரும் கசிவுக்கு உங்கள் வேலைதான் காரணம் என்று கைவிரித்துவிடுவார்கள். அடுக்குமாடிச் சட்டப்படி, வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை கூரைக் கசிவு மேல்வீட்டிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். கீழ்வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

ஆகவே முதல் வேலை தண்ணீர் சோதனை. குளியலறையின் தரை வடிகாலை, பிளாஸ்டிக் பைக்குள் ஈரத்துணி வைத்து இறுக அடையுங்கள். வாசல் திட்டைத் தாண்டாமல் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறியுங்கள். 24 மணி நேரம் கழித்துக் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர்கள் குளியலறைக் கூரையைப் பாருங்கள். நடுக்கூரையை விட, குழாய்கள் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில்தான் ஈர வளையம் முதலில் தெரியும். அடைப்பை எடுத்ததும் தண்ணீர் எந்த மூலையில் தேங்குகிறது என்று கவனியுங்கள். வடிகால் மெதுவாக இழுத்தால், டைல் வேலைக்காரர்கள் கழுவிவிட்ட சிமெண்டு உள்ளே இறுகியிருக்க வாய்ப்புண்டு.

பிறகு ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் ஒவ்வொரு டைலின் நாலு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். வெற்று ஓசை கேட்டால் அடியில் பசை பரவவில்லை. பசையைப் பல் கரண்டியால் சீவிப் பரப்பாமல் உருண்டை உருண்டையாக வைத்து ஒட்டினால் இப்படி ஆகும். வெயில் படும் ஹாலில் டைல் விரிந்து, ஒருநாள் இரண்டாகத் தூக்கிக்கொள்ளும். டேப் ஒட்டி, தேதியோடு படமெடுத்து, புகார்ப் பட்டியலில் சேருங்கள்.

குளியலறை டைலை மாற்றியே தீர வேண்டும் என்றால், கான்கிரீட்டு வரை சுரண்டி, நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கை கொடுக்க வேண்டும்; முதல் கை காய்ந்த பிறகே இரண்டாவது. தரையிலிருந்து சுவரில் 300 மில்லிமீட்டர், ஷவர் பக்கம் 1,800 மில்லிமீட்டர் வரை ஏற வேண்டும். மூலைகளில் வலைத்துணி வைக்கச் சொல்லுங்கள். பூச்சு முடிந்ததும் ஒருமுறை, டைல் ஒட்டியபின் மறுமுறை தண்ணீர் கட்டிப் பாருங்கள். இத்தனையும் செய்துவிட்டு, கழிவறைத் தொட்டியைப் பொருத்தத் தரையில் துளை போட்டால் பூச்சு அங்கேயே கிழிந்துபோகும். தொட்டியைச் சிலிக்கானால் ஒட்டுவதே மேல்.

சுவரும் ஊரில் பழகிய செங்கல் சுவர் அல்ல. இப்போதைய பல கொண்டோக்களில் அலுமினிய அச்சுக்குள் கான்கிரீட் ஊற்றியே சுவர் எழுப்புகிறார்கள். பாரம் தாங்குவது அந்தச் சுவர்தான். அதில் வயருக்குக் காடி வெட்டவோ, கதவுக்கு இடம் திறக்கவோ கூடாது. புதிய வயரை கேபினட்டுக்குப் பின்னாலோ, பொய்க்கூரைக்குள்ளோ, சுவர்மேல் பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளோதான் கொண்டுபோக முடியும். அதனால் பிளக் வேண்டிய இடங்களை கேபினட் அளவெடுக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

1894இல் தொழிலதிபர்கள் லோக் யூவும் தம்புசாமி பிள்ளையும் ஈயச் சுரங்கத்துக்காக மின்சாரம் கொண்டுவந்த ஊர் ரவாங். மின்சார வேலையில் இங்கே அலட்சியம் ஆகாது. உடனடிச் சுடுநீர் ஹீட்டர் 3.6 கிலோவாட், 230 வோல்ட்டில் ஏறக்குறைய 16 ஆம்பியர் இழுக்கும். 13 ஆம்பியர் பிளக்கில் அதை மாட்டவே கூடாது. அதற்கென்று தனி வயர், 20 ஆம்பியர் இருமுனை சுவிட்ச், 10 மில்லிஆம்பியரில் தானே அணைந்துவிடும் மின்கசிவுத் தடுப்பு சுவிட்ச் மூன்றும் வேண்டும். கடைசியாகச் சொன்னதில் சோதனைப் பொத்தானை உங்கள் முன்னால் அழுத்திக் காட்டச் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த கிரைண்டரும் மிக்ஸியும் இங்கே ஓடும். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்குதான் வேறு. அடாப்டரில் மாட்டி அரை மணி நேரம் மாவாட்டினால் முள் தளர்ந்து சூடேறும். வயர்மேனைக் கொண்டு இந்நாட்டு மூன்று முள் பிளக்கை மாட்டிவிடுங்கள். பழுப்பு நிற வயர் ஃபியூஸ் பக்கம், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். பழைய வயரில் சிவப்பு, கறுப்பு, பச்சை இருக்கும். 750 வாட் மிக்ஸிக்கு 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். பிளக்கோடு வரும் 13 ஆம்பியரை அப்படியே விட வேண்டாம்.

சமையலறைக் கீழ்க் கேபினட்டுக்கு 600 மில்லிமீட்டர் ஆழம், மேடைக்கு 850 உயரம் என்பது வழக்கம். மேசைக் கிரைண்டர் அந்த மேடையில் ஏறினால் கையை உயர்த்தித்தான் மாவு வழிக்க வேண்டியிருக்கும். அதற்கு மேடையின் ஒரு பகுதியை 100 மில்லிமீட்டர் தாழ்த்தச் சொல்லுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் மரத்தூள் பலகை வேண்டாம். இந்நாட்டு ஈரக்காற்றில் விளிம்புப் பட்டை விட்டதும் ஊதிவிடும். அலுமினியமோ, விளிம்பு அடைத்த பிளைவுட்டோ கேளுங்கள். சில கொண்டோக்களில் கேஸ் உருளைக்கே அனுமதி இல்லை, குழாய் கேஸ்தான். உருளை வைப்பதானால் காற்றோடும் பின்கட்டில் வையுங்கள். கசியும் கேஸ் தரையோடு தேங்கும், மூடிய கேபினட் அதற்கு ஆகாது. சாமி மாடத்துக்கு விளக்கின் நேர் மேலே பலகை வராமல் பாருங்கள். பின்சுவருக்கு டைல் ஒட்டினால் புகைக்கறையைத் துடைத்துவிடலாம்.

வேலை தொடங்கும் முன் நிர்வாக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, முன்பணம் கட்ட வேண்டும். வேலை நேரம், குப்பைத் தொட்டி, லிஃப்ட் பாதுகாப்புப் பலகை எல்லாம் அவர்கள் சொல்கிறபடி. நுழைவுக் கதவு தீத்தடுப்புக் கதவு. அழகு போதவில்லை என்று அதைக் கழற்றி தேக்குக் கதவு மாட்டாதீர்கள். மாவிலைத் தோரணத்துக்கும் அதில் ஆணி அடிக்காமல், ஒட்டும் கொக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.