ஆமாவா, இல்லையா, சிஸ்டர்?

“மாஸ்க் போட்டா தொற்று குறையும்கிறதுக்கு ஆதாரம் இருக்கா? ஆமாவா, இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க சிஸ்டர்.”

2023 பிப்ரவரியில், தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுவின் கூட்டத்தில் எங்கள் தனியார் மருத்துவமனையின் நிர்வாக அதிகாரி கேட்டது இவ்வளவுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவின் அறிக்கையை வைத்து, மாஸ்க்கால் பலனில்லை என்று வந்த ஒரு செய்தியின் பிரின்ட் அவுட் அவர் கையில் இருந்தது. “ஒரே வார்த்தையில சொல்ல முடியாது சார். எந்த மாஸ்க், யார் போடுறாங்க, எங்கே, எவ்வளவு நேரம்கிறதைப் பொறுத்தது” என்றேன். “அப்போ உறுதியாத் தெரியாது, அப்படித்தானே?” என்றார். “அப்படி இல்ல சார்” என்று ஆரம்பித்தேன். அதற்குள் பயோமெடிக்கல் கழிவு பற்றிய அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள். ஓ.பி. ஹாலில் மாஸ்க் போடுவது அவரவர் விருப்பம் என்று மினிட்ஸில் ஏறியது. கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி.

அவர் கெட்ட மனிதர் இல்லை. வாசலில் இலவசமாகக் கொடுத்துவந்த மூன்றடுக்கு மாஸ்க்கின் செலவு அவர் கணக்கில்தான் விழும். “மாஸ்க் போடுங்க” என்று சொல்லும் செக்யூரிட்டியோடு நோயாளியின் வீட்டார் சண்டை போட்டால், அந்தப் புகாரும் அவர் மேஜைக்குத்தான் வரும். அவருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. நான் விளக்கம் கொடுத்தேன்.

அந்த விளக்கம் சரியானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காக்ரேன் குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பில் 78 ஆய்வுகள் இருந்தன. கை கழுவுதல் முதலான மற்ற வழிமுறைகள் பற்றியவையும் அதில் சேர்த்தி. கோவிட் காலத்தில் நடந்தவை 6 மட்டுமே. அந்த ஆறில் மாஸ்க்கைச் சோதித்தவை என்று பார்த்தால் டென்மார்க்கில் நடந்ததும் பங்களாதேஷில் நடந்ததும்தான். டென்மார்க் ஆய்வில் மாஸ்க் போடச் சொன்னவர்களில் 1.8 சதவீதம் பேருக்கும் மற்றவர்களில் 2.1 சதவீதம் பேருக்கும் தொற்று வந்தது. அந்த வித்தியாசத்தை வைத்து ஆமா என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதைவிட முக்கியம், போட்டவருக்குப் பாதுகாப்பு உண்டா என்று மட்டுமே அங்கே பார்த்தார்கள். போட்டவரிடமிருந்து பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுவது குறைகிறதா என்பது அந்த ஆய்வின் கேள்வியே இல்லை. ஓ.பி. ஹாலில் எனக்கு வேண்டியது அந்த இரண்டாவது கேள்விக்கான பதில்.

பங்களாதேஷ் ஆய்வை நான் பலமுறை படித்திருக்கிறேன். 600 கிராமங்கள், சுமார் மூன்றரை லட்சம் பேர். பாதி கிராமங்களில் மாஸ்க்கை இலவசமாகக் கொடுத்து, ஏன் போட வேண்டும் என்று விளக்கி, தெருவில் பார்க்கும்போதெல்லாம் ஞாபகப்படுத்தினார்கள். மற்ற கிராமங்களில் 13 சதவீதம் பேர் ஒழுங்காக மாஸ்க் போட்டிருந்தார்கள் என்றால், மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 42 சதவீதம் பேர். அறிகுறியோடு வந்து ரத்தப் பரிசோதனையில் உறுதியான கோவிட், சுமார் 9 சதவீதம் குறைந்தது. சர்ஜிகல் மாஸ்க் கொடுத்த கிராமங்களில் 11 சதவீதம், அங்கேயே 60 வயதைத் தாண்டியவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்குத் தெளிவான பலன் தெரியவில்லை.

வெறும் 9 சதவீதம்தானா என்று கேட்பவர்களிடம் எனக்கு ஒரு பதில் உண்டு. அந்த எண் ஒரு மாஸ்க்கின் சக்தியைச் சொல்லும் எண் இல்லை. நூறு பேரில் கூடுதலாக முப்பது பேருக்கும் குறைவாகவே போட்டார்கள், அதற்கே இந்தப் பலன். இலவசமாகக் கொடுத்தும் பாதிக்கு மேல் போடாத ஊரில் கிடைத்த எண் அது. எங்கள் ஹாலிலும் அதே கதைதான். மூக்குக்குக் கீழே ஒருவர், தாடையில் ஒருவர், போன் பேசும்போது கழற்றிவிட்டு இருமும்போது தேடுகிறவர் ஒருவர். மாஸ்க் வேலை செய்கிறதா என்ற ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. அந்தப் பொருள் துகளைப் பிடிக்கிறதா, மனிதர் அதை ஒழுங்காகப் போடுகிறாரா, போடச் சொன்னால் போடுவார்களா. முதலாவதற்கு ஆமா. மற்ற இரண்டும் ஊரையும் ஆளையும் பொறுத்தவை. இதைத்தான் அன்று சொல்ல நினைத்தேன். இரண்டு நிமிடமாவது வேண்டும். எனக்குக் கிடைத்தது அரை நிமிடம்.

முதல் கேள்வியில் எனக்குச் சந்தேகமே கிடையாது. வைரஸ் அவ்வளவு சின்னது, மாஸ்க்கின் ஓட்டை அதைவிடப் பெரியது, பிறகு எப்படிப் பிடிக்கும் என்று டாக்டர்களே கேட்டிருக்கிறார்கள். என்95 சல்லடை மாதிரி வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கில் இருக்கும் பாலிப்ரொப்பிலீன் இழைகளில் மின்னேற்றம் இருக்கிறது, அது துகளை இழுத்துக்கொள்ளும். 0.3 மைக்ரான் அளவுத் துகளைப் பிடிப்பதுதான் கஷ்டம் என்பதால் அதை வைத்துச் சோதிக்கிறார்கள். அதைவிடச் சின்னது தாறுமாறாக அலைந்து இழையில் மோதி ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டுத் துவைத்தால் அந்த மின்னேற்றம் போய்விடும். முகத்தோடு ஒட்டாமல் ஓரத்தில் இடைவெளி இருந்தால், எவ்வளவு நல்ல மாஸ்க்காக இருந்தாலும் காற்று அந்த வழியாகத்தான் போகும்.

தென்னாப்பிரிக்காவில் ஒரு டிபி வார்டின் காற்றைக் குழாய் வழியாகக் கினிப்பன்றிகளுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். நோயாளிகள் ஒருநாள் விட்டு ஒருநாள் சர்ஜிகல் மாஸ்க் போட்டார்கள். மாஸ்க் போடாத நாட்களின் காற்றைச் சுவாசித்த 90 விலங்குகளில் 69க்குத் தொற்று, மாஸ்க் போட்ட நாட்களின் காற்றைச் சுவாசித்த 90ல் 36க்கு. டிபி வைரஸ் இல்லை, பாக்டீரியா. ஆனாலும் எங்கள் ஹாலில் இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு டிபியா, ஃப்ளூவா, கோவிட்டா என்று டோக்கன் கூப்பிடும் வரை யாருக்கும் தெரியாது. இதை அந்தக் கூட்டத்தில் சொல்லியிருக்கலாமோ என்று பலமுறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருந்தால் “கினிப்பன்றி வேற, மனுஷன் வேற” என்றிருப்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

இன்னொன்றும் மனதை அரிக்கிறது. 2018ல் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் வந்தபோது பெரும்பாலானவர்களுக்குத் தொற்று ஏற்பட்டது மருத்துவமனைகளில்தான். பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி அப்படித்தான் இறந்தார். நிபாவுக்கு, பாதி நர்ஸுகளை மாஸ்க் இல்லாமல் விட்டு ஒரு ஆய்வு நடத்த எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக்கும்? ஆபத்து அதிகமான வைரஸ்களுக்கு அந்த வகை ஆதாரம் வரவே வராது. துகள் எப்படிப் போகிறது, யார் யாருக்குப் பக்கத்தில் இருந்து நோய்ப்பட்டார்கள் என்பதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அப்படியிருக்க, ஆதாரம் இருக்கா என்ற கேள்விக்கு ஆய்வுகளின் எண்ணிக்கையை மட்டும் மனதில் வைத்து நான் ஏன் தயங்கினேன்?

தயங்கியது நேர்மை என்று ஒரு நாள் தோன்றும். மிகைப்படுத்திச் சொல்லி, பிறகு யாராவது டென்மார்க் ஆய்வைக் காட்டினால் நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். மறுநாளே, அந்த அறையில் நேர்மைக்கு “தெரியாது” என்றுதான் அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள், அது தெரிந்த பிறகும் என்ன நேர்மை என்று தோன்றும்.

மார்ச் மாதம் காக்ரேனின் தலைமை ஆசிரியர் கார்லா சோரெஸ்-வைசர் ஒரு விளக்கம் வெளியிட்டார். மாஸ்க் வேலை செய்யாது என்று அந்த அறிக்கைக்குப் பொருள் சொல்வது சரியல்ல, தவறாக வழிநடத்துவது, முடிவுகள் உறுதியற்றவை என்றார். அதை நிர்வாக அதிகாரிக்கு மெயிலில் அனுப்பினேன். பார்த்துக்கொண்டேன், நன்றி என்று பதில் வந்தது. ஏப்ரல் 1 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் மாஸ்க் கட்டாயம் என்று அறிவிப்பு வந்தபோது அதையும் அனுப்பினேன். அது அரசு மருத்துவமனைகளுக்குத்தானே என்றார்.

இப்போது நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐசோலேஷன் அறையில் ஒரு ஃப்ளூ நோயாளி. உள்ளே துடைக்கப் போகும் ஹவுஸ்கீப்பிங் அக்கா, என்95 பட்டையைத் தலைக்குப் பின்னால் இழுத்துவிட்டுக்கொண்டே கேட்டார்: “இதைப் போட்டா எனக்கு வராதுல்ல சிஸ்டர்? வீட்ல கைக்குழந்தை இருக்கு.”

“வராதுக்கா. மூக்குகிட்ட நல்லா அழுத்திவிடுங்க” என்றேன். எந்த மாஸ்க், எவ்வளவு நேரம் என்று எதையும் இழுக்கவில்லை. வராது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் தயங்கியிருந்தால் அரைமனதாகப் போட்டுக்கொண்டு போயிருப்பார், அது இன்னும் ஆபத்து. அந்தப் பதிலுக்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால், அக்காவிடம் ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தது, சாரிடம் ஏன் முடியவில்லை என்று கேட்டால் என்னிடம் சரியான பதில் இல்லை. அக்காவின் உடம்புக்கு நான் பொறுப்பு என்று நினைத்தேன். ஹாலில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேருக்கு அந்த மாதிரி நினைக்கவில்லையா?

மழைக்காலத்துக்கு முந்தைய கூட்டத்தில் ஓ.பி. மாஸ்க் விஷயத்தை அஜெண்டாவில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை முதலில் “ஆமா சார்” என்று சொல்லிவிட்டு, மற்றதைப் பிறகு சொல்வதாக இருக்கிறேன். மற்றதைச் சொல்ல நேரம் கொடுக்காமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டால், அந்த வெறும் “ஆமா”வோடு என்னால் நிம்மதியாக இருக்க முடியுமா என்பது இன்னும் தெரியவில்லை.