லெந்து (தவக்கால) நாட்குறிப்பு, 2025

மார்ச் 5, சாம்பல் புதன்
மாலை ஆராதனையில் சங்கீதம் 51. இன்னொருவர் பணத்தை எடுத்துவிட்ட அவரும் வந்திருந்தார், கடைசி பெஞ்சில். பேசவில்லை.

மார்ச் 7
ரோமர் 6. “கிருபை பெருகும்படிக்குப் பாவத்திலே நிலைநிற்கலாம் என்று சொல்லுவோமா? கூடாதே.” இதைச் சொன்ன கையோடு பவுல் கட்டளை போடுவதில்லை. பத்தாம் வசனம்வரை நடந்துமுடிந்ததைத்தான் சொல்கிறார்: கிறிஸ்துவோடேகூட அடக்கம்பண்ணப்பட்டோம், பழைய மனுஷன் சிலுவையில் அறையப்பட்டான். 11-ல்தான் “எண்ணிக்கொள்ளுங்கள்”. 12-ல் பாவம் ஆளக்கூடாது. 13-ல் அவயவங்களை யாருக்கு ஒப்புக்கொடுப்பது என்ற பேச்சு. முதலில் திருந்து, அப்புறம் கிருபை என்று இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பிரசங்கிப்பதைக் கேட்டால் வயிறெரிகிறது. பத்தாம் வசனத்தோடு வேதத்தை மூடிவிடுகிறவர்களும் அதே கெடுதலைத்தான் செய்கிறார்கள்.

மார்ச் 8
அவர் திருப்பிக் கொடுக்கவேண்டியது எவ்வளவு? முதலோடு ஐந்தில் ஒரு பங்கா, நாலத்தனையா?

மார்ச் 16, ஞாயிறு
யாத்திராகமம் 22-ல் ஆட்டைத் திருடி அடித்தாலும் விற்றாலும் நாலு ஆடு, மாட்டுக்கு ஐந்து மாடு. திருடினது உயிரோடே கையில் அகப்பட்டால் இரட்டிப்பு. எண்ணாகமம் 5:7-ல் பாவத்தை அறிக்கையிடுகிறவனுக்கு முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். நாற்பதாயிரம் என்று வைத்துக்கொண்டால் 48,000. நாலத்தனையாகத் தருகிறேன் என்ற வரி வசூலிப்பவன் சகேயுவின் கணக்கில் 1,60,000. யாரும் பிடிக்காதபோதே பிடிபட்ட திருடனுக்குரிய தண்டத்தைத் தானாக ஏற்றுக்கொண்டான் அவன். ஆனால் லூக்கா 19-ல் 5-ம் வசனம் முந்தியது: “இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்.” பணத்தைப் பற்றி இயேசு வாயே திறக்கவில்லை. 8-ல் சகேயுவே எழுந்து நின்று சொல்கிறான். அதனால் நாலத்தனையை இன்னொருவரிடம் நாம் கேட்டு வாங்க முடியாது. முதலைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும்.

மார்ச் 17
காணிக்கைப் பெட்டியில் போட்டால் போதாதா என்கிறார். போதாது. எண்ணாகமம் 5:8-ன்படி, வாங்கிக்கொள்ள உரியவனும் இல்லை, அவன் இனத்தானும் இல்லை என்றால்தான் அது கர்த்தருக்கு. இங்கே உரியவர் உயிரோடிருக்கிறார், இரண்டு தெரு தள்ளி.

மார்ச் 27
நாற்பது நாளும் உபவாசம் இருக்கிறாராம். முகம் வற்றிப்போயிற்று. கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் சோற்றை மட்டும் தள்ளிவைப்பதில் எனக்குச் சமாதானம் இல்லை. அநியாயத்தை விடுவதே கர்த்தருக்குப் பிரியமான உபவாசம் என்கிற ஏசாயா 58-ஐ வாசித்துக் காட்டினேன். தலையை ஆட்டினார்.

ஏப்ரல் 2
விழுந்துபோனவர்களை மறுபடியும் மனந்திரும்பச் செய்வது கூடாதகாரியம் என்கிற எபிரெயர் 6:4-6-ஐக் கேட்டு இரவு பதினொரு மணிக்கு போன். தனக்கு இனி வழியில்லை என்கிறார். அந்த வசனம் கிறிஸ்துவையே வேண்டாமென்று மறுதலித்துப் போவதைப் பற்றியது. அழுதுகொண்டு வழி கேட்கிறவரைப் பற்றியது அல்ல. 9-ம் வசனத்திலேயே நிருபக்காரர் தம் வாசகரைத் தேற்றிவிடுகிறார். ரோமில் நோவாசியன் என்ற குரு, உபத்திரவத்தில் மறுதலித்தவர்களுக்குத் திரும்பிவர இடமில்லை என்றான். சபை 251-லேயே அவனை ஒதுக்கியது. 325-ல் நிசேயா சங்கத்தில், ரோமப் பேரரசன் லிசினியுஸ் காலத்தில் கட்டாயமில்லாமலே விழுந்தவர்களுக்கு வகுத்த ஒழுங்கு கடுமைதான்: வசனம் கேட்கிறவர்களோடு மூன்று வருஷம், முழங்காற்படியிடுகிறவர்களோடு ஏழு, இராப்போஜனப் பந்தியில்லாமல் ஜெபத்தில் மட்டும் இரண்டு. பன்னிரண்டு வருஷம், ஆனாலும் கதவை அடைக்கவில்லை. சாகக்கிடக்கிறவனுக்கு இராப்போஜனத்தை மறுக்கக்கூடாது என்றும் அங்கேயே எழுதினார்கள். இதையெல்லாம் சொன்னேன். தூங்கினாரோ இல்லையோ.

ஏப்ரல் 3
போன் எடுக்கவில்லை.

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு
வந்தார். பணத்துக்கு உரியவரிடம் என்ன சொல்லவேண்டும் என்று உட்கார்ந்து எழுதினோம். தொகை, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எந்தக் கணக்கு. “ஏதாவது தப்பு நடந்திருந்தால்” என்று ஆரம்பித்திருந்தார், அடித்துவிட்டோம். கூட இருந்தவர்கள் பெயர் வேண்டாம். அதை அவரவரே அறிக்கையிடட்டும். உடனே மன்னிக்கும்படி கெஞ்சக்கூடாது, உரியவருக்கு ஆறப்போட நாள் வேண்டும். வீட்டம்மாவுக்கு முதலில் தெரியவேண்டும், போகப்போவது அந்த வீட்டுப் பணம். உரியவர் போலீசுக்குப் போனால் அதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றதும் எழுதுகிற கை நின்றுவிட்டது.

ஏப்ரல் 15
மத்தேயு 27. முப்பது வெள்ளிக்காசையும் யூதாஸ் திருப்பிக் கொடுத்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன் என்று அறிக்கையும் செய்தான். ஆசாரியர்கள் சொன்னது: “எங்களுக்கென்ன, அது உன்பாடு.” முதலும் கொடுத்தாயிற்று, அறிக்கையும் ஆயிற்று, ஆனாலும் இயேசுவிடம் போகவில்லை. பேதுரு திருப்பிக் கொடுக்க ஒன்றுமில்லாமல் அழுதான், சீஷர்களோடேயே இருந்தான். சபை தண்டித்த ஒருவனைக் குறித்துக் கொரிந்தியருக்குப் பவுல் அதற்காகத்தான் எழுதினார்: அவன் அதிக துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடிக்கு அவனுக்கு மன்னித்து ஆறுதல் செய்யுங்கள். கமிட்டியில் இரண்டுபேர் ஆசாரியர் மாதிரியே பேசுகிறார்கள். எனக்குப் பயமாயிருக்கிறது.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்
பந்திக்கு வரவில்லை. 1662 ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் இராப்போஜனத்துக்கான எச்சரிப்பில், தீங்கு செய்தவன் தன்னாலான மட்டும் ஈடுசெய்ய ஆயத்தமாயிருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. கொடுத்து முடித்திருக்க வேண்டும் என்று இல்லை. இதை ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்கலாம்.

ஏப்ரல் 19
போய்ச் சொல்லிவிட்டாராம். பத்தாயிரம் கையில், மீதி மாதத் தவணை. ரசீது எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஐந்தில் ஒரு பங்கு முழுத்தொகைக்கா, மீதிக்கா என்று கேட்கிறார். முழுத்தொகைக்கு. செக்கில் கையெழுத்துப் போடும் பொறுப்பும் அலமாரிச் சாவியும் இன்னும் அவரிடமே இருக்கின்றன. இச்சைக்கு இடங்கொடாதிருங்கள் என்கிற ரோமர் 13:14 இதற்குத்தான். திங்கட்கிழமை சாவியைக் கேட்டு வாங்கவேண்டும்.